பாட்டிலில் ஓட்டை போடுகிறவர்

அரூரில் என் தையல் கடைக்கு அடுத்த கடை பேட்டரிக் கடை. அதை வைத்திருந்தவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. காலித் தண்ணீர் பாட்டிலைக் கண்டால் விடமாட்டார். சட்டைப் பையிலிருந்து கோணி ஊசியை எடுப்பார், பாட்டிலின் அடியில் நாலு குத்து, வயிற்றில் ரெண்டு குத்து. பிறகு ஒன்றும் நடக்காதது போல எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். என் மேஜையில் அப்படி எத்தனை பாட்டில் செத்தது என்று கணக்கே இல்லை. குடித்துவிட்டு மறுபடி தண்ணீர் பிடிக்கலாம் என்று வைத்திருப்பேன். பிடித்துக் கொண்டுவந்து வைத்த ஐந்தாவது நிமிடம், வெட்டிப் போட்ட ஜாக்கெட் துணியெல்லாம் நனைந்திருக்கும்.

எனக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. அளவு கொடுக்க வரும் பெண்ணிடம் இடுப்பளவோடு சேர்த்து மாமியார் குணத்தையும் விசாரித்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு, இந்த மனுஷன் ஏன் பாட்டிலைக் குத்துகிறார் என்பது மட்டும் ஆறு வருடம் பிடிபடவில்லை.

கேட்காமல் இல்லை. கேட்டால், "பழக்கமாயிடுச்சுங்க டெய்லரம்மா" என்பார். அவ்வளவுதான்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பிடிக்காது என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தக் காலத்தில் குடித்துக்கொண்டிருந்தார், அதை விட்ட வெறுப்பு என்றார் டீக்கடைக்காரர். டீக்கடைக்காரருக்கு அவர்மேல் கோபம் அதிகம். வெயில் காலத்தில் காலிப் பாட்டில்களில் மோர் நிரப்பி விற்கலாம் என்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மொத்தம் இருபது பாட்டில். பேட்டரிக்கார அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் இருபதும் சல்லடையாகிவிட்டன. அன்றைக்கு இருவருக்கும் நடந்த சண்டையில் தெருவே கூடியது.  மறுநாள் அண்ணன் இருபது கண்ணாடிக் கிளாஸ் வாங்கிக்கொண்டு வந்து டீக்கடையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்தபின், இலை எடுக்கிறவர்களோடு சேர்ந்து மேஜை மேஜையாகக் குத்திக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்றும் நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்கள்.

மற்றபடி அவர் பைத்தியமில்லை. அரூர் வட்டாரத்தில் அவரைப் போல நிதானமான ஆளை நான் கண்டதில்லை. ஊசிகூட பாட்டிலுக்காக வந்ததல்ல. பேட்டரி மூடிகளில் மூச்சு விடுவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். அழுக்கு அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று சேர்ந்து வெடித்துவிடும் என்று, அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யத்தான் ஊசி. அதையும் என் கடையிலிருந்துதான் வாங்கிப்போனார், திருப்பிக் கொடுக்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் விளக்குப் போடமாட்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே நின்று ஒரு டீ முழுவதும் குடிப்பார். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரிகள் விட்ட காற்று போகட்டும், அதற்குப் பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். பீடியோடு யாராவது படியேறினால் பேச்சே கிடையாது, நேராகத் தெருவைக் காட்டுவார். வண்டி பானெட்டைத் திறக்குமுன் வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றிப் பையில் போடுவார். நம்மையும் கழற்றச் சொல்வார். கழற்றும்போது கறுப்பு ஒயரை முதலில், மாட்டும்போது கறுப்பு ஒயரைக் கடைசியில். அவசரத்துக்குக்கூட இதை மாற்றி நான் பார்த்ததில்லை.

அவரை எனக்கு நன்றாகத் தெரிந்தது சட்டைகள் வழியாகத்தான். ஆசிட் தெறித்த பருத்திச் சட்டை அன்றைக்கு ஒன்றும் காட்டாது. துவைத்துப் பிழிந்த பிறகுதான் கடுகு கடுகாக ஓட்டை விழும். அப்படி மாதம் ஒரு சட்டை ஒட்டுப்போட வரும். "இதுக்கு ஒட்டுப் போட்டா ஒட்டுதான் மிஞ்சும், சட்டை இருக்காதுண்ணா. நைலக்ஸ் மாதிரி துணியில தெச்சுக்குங்க, அதை ஆசிட் அவ்வளவா தின்னாது" என்று நான்தான் மாற்றிவிட்டேன். அதன்பிறகு பளபளவென்று ஒரே மாதிரி ஆறு சட்டை. எனக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். தினமும் டீக்கடையில் பேப்பர் வந்ததும், தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு உள்பக்கத்தில் மாவட்டச் செய்திகளை மட்டும் விரல் வைத்துப் படிப்பார். விபத்து, விஷம், ஆஸ்பத்திரி என்று வருகிற நாலு வரிச் செய்திகள். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடுவார்.

இதையெல்லாம் சேர்த்து நானே ஒரு முடிவு கட்டியிருந்தேன். அவர் வீட்டில் யாரோ ஆசிட்டைத் தண்ணீர் என்று குடித்திருக்க வேண்டும். பிள்ளையாக இருக்கும். ஒருநாள் துணி கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கே போனேன். ஒரே மகள், தருமபுரியில் நர்சிங் படித்துவிட்டு ஓசூரில் வேலையில் இருந்தாள். அன்றைக்கு லீவுக்கு வந்து, குண்டுக் கன்னத்தோடு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மனைவியோ தெலுங்கும் தமிழும் கலந்து மூச்சு விடாமல் பேசினார். வேறு பிள்ளை உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, "ஒண்ணே போதும்னு வுட்டுட்டங்க" என்று சிரித்தார். என் முடிவு அங்கேயே பொடிப்பொடியானது.

விடை என் வீட்டுக்காரர் மூலமாகத்தான் வந்தது. அதுவும் அவர் செய்த ஒரு முட்டாள்தனத்தால்.

அவர் வாடகைக்கு ஒரு பழைய வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பேட்டரி சோர்ந்துபோய், சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் சத்தம் வரும். "ஆசிட் செத்துடுச்சு, ஒரு லிட்டர் புது ஆசிட் ஊத்துனா பவர் வந்துடும்" என்பது அவருடைய மருத்துவம். அண்ணனிடம் போய் ஆசிட் கேட்டார்.

"ஆசிட் எங்கயும் போவாதுங்க. வெயிலுக்கும் சார்ஜுக்கும் வத்தறது தண்ணிதான். வத்துனதத்தான் ஊத்தணும், அதுவும் டிஸ்டில் வாட்டர். ஆசிட் ஊத்துனா உள்ள தகடெல்லாம் அரிச்சுடும். கழட்டிக் கொண்டாங்க, சார்ஜ் போட்டுத் தரேன்" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரருக்கு யாராவது சரியான வழி சொன்னால் பிடிக்காது. ஒரு சவாரிக்காகத் தருமபுரி போனபோது ஏதோ ஒரு கடையில் ஒரு லிட்டர் ஆசிட்டை, தண்ணீர் பாட்டிலில் பிடித்து வாங்கிக்கொண்டார். அண்ணன் பார்த்தால் ஊசியை எடுப்பாரே என்று பயந்து, வேனின் கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தார். எனக்கும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மொரப்பூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்தைத் தீர்த்தமலைக்கு ஏற்றிப்போனார். அவர்கள் மலையில் தீர்த்தம் பிடித்துவந்தார்கள். எல்லாம் அதே மாதிரி ஒரு லிட்டர் பாட்டில்கள். அவற்றையும் கடைசி சீட்டுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். சாயங்காலம் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு வந்து வேனை என் கடை வாசலில் நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை வேன் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கிக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சாவியைத் திருப்பினார். அந்த டக் டக் சத்தம்கூட வரவில்லை. சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

"என்ன ஊத்துனீங்க?"

"ஆசிட்தாண்ணா. தருமபுரியில வாங்குனேன்."

அண்ணனின் கண் பாட்டிலில் இருந்தது. திட்டப் போகிறார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். மேலே ரப்பர் குமிழ் இருக்கும், உள்ளே ஒரு மிதவை. ஆசிட்டை உறிஞ்சினால் மிதவை மேலே நிற்கும், வெறும் தண்ணீர் என்றால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டிலில் மிச்சமிருந்ததை உறிஞ்சிப் பார்த்தார். மிதவை அடியில் உட்கார்ந்தது.

"இது தண்ணிங்க" என்றார்.

"ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரன்!" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அண்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு வில்வ இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது தீர்த்தங்க" என்றவர், சற்று நின்று, "அப்ப ஆசிட் எங்க?" என்று கேட்டார்.

ஆசிட் பாட்டில் அந்தக் குடும்பத்தோடு போயிருந்தது.  தீர்த்தம் என்றால் வீட்டில் சும்மா வைக்க மாட்டார்கள். பெரியவரிலிருந்து கைக்குழந்தை வரை எல்லார் வாயிலும் ஒரு மடக்கு ஊற்றுவார்கள்.

வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்துப் பெரியவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் வேறு யார் நம்பரும் எங்களிடம் இல்லை. "பைக்ல போயிடலாம்" என்று ஓடப் பார்த்தார். அண்ணன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"யாராவது குடிச்சிருந்தா பைக்ல கொண்டார முடியுங்களா? வேன்தான் வேணும்."

கடையிலிருந்து சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்தார். அந்த நேரத்திலும் வாட்சைக் கழற்றினார். என் வீட்டுக்காரரின் வெள்ளிக் காப்பைக் கழற்றச் சொன்னார். முதலில் கறுப்பு ஒயர், அப்புறம் சிவப்பு, பழையதை இறக்கு, புதியதை ஏற்று, சிவப்பை மாட்டு, கடைசியில் கறுப்பு. நான் பக்கத்தில் நின்று கத்தினேன். "உசுரு போவுது, நீங்க மோதரம் கழட்டிட்டு இருக்கீங்க!"

"இப்ப இங்க ஒரு பொறி பறந்தா அங்க போறதுக்கு யாரும் இருக்க மாட்டோங்க" என்றார், நிமிராமல். குரல் நிதானமாகத்தான் இருந்தது. கழுத்து முழுக்க வேர்த்திருந்தது. ஒரு பெரிய கேன் தண்ணீர், ஆசிட்டை முறிக்க ஒரு பொட்டலம் சோடா உப்பு, இரண்டையும் வேனில் போட்டார். நான் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் பெண்கள் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நன்றாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தீர்த்தம் குடிச்சீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"காத்தாலயே ஆளுக்கு ஒரு மடக்கு குடிச்சமுங்க. ஏன்?" என்றாள் வீட்டு மருமகள்.

"மொத்தம் எத்தன பாட்டிலு?"

"ஆறுங்க. ஒண்ணு தீந்துடுச்சு. மிச்சம் சாமி ரூம்ல இருக்குது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாமி படத்துக்கு முன்னால் நாலு பாட்டில். கண்ணாடிக் குழாயை அவற்றில் விடவில்லை. அது ஆசிட் பட்ட குழாய், குடிக்கிற தண்ணீரில் விடக்கூடாது என்றார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி மட்டும் பார்த்தார். ஆசிட் தண்ணீரைவிடக் கனமாம், கைக்கே தெரியுமாம். நாலையும் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாலுலயும் இல்ல. இன்னொண்ணு எங்க?"

"மாமா எடுத்துட்டுப் போனாருங்க. வேடியப்பனுக்கு ஊத்திட்டு வரேன்னு குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போயிருக்காரு. போனை இங்கயே வெச்சிட்டுப் போயிட்டாரு, காத்தால இருந்து அடிச்சுக்கிட்டே கெடக்குது."

அண்ணன் ஓடினார். அறுபது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அறுவடை ஆகாத அந்த மரவள்ளிச் செடிகளுக்குள் நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் ஓடினோம். காட்டின் மூலையில் புளியமரத்தடியில், காட்டுக்குக் காவல் சாமியான வேடியப்பன் கல் நின்றது. போன பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த கல். அதற்கு முன்னால் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையை உள்ளங்கை குழித்துப் பிடித்திருந்தார்.

கல்லின் தலையிலிருந்து வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"பாருங்க, பாருங்க! சாமி பொங்குது!" என்று எங்களைப் பார்த்துக் கூவினார். "எங்கப்பன் காலத்துலகூட இப்புடி ஆனதில்ல!" சொல்லிக்கொண்டே பாட்டிலைக் குழித்த கையை நோக்கிச் சாய்த்தார்.

அண்ணன் கத்தவில்லை. கத்தினால் பக்தியில் இருக்கிறவர் சட்டென்று குடித்துவிடுவார் என்று பயந்தாராம், பிறகு சொன்னார். ஓட்டத்தை நிறுத்தி, நடந்து போய், இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கும் குடுங்க சாமி. முதல்ல எனக்குக் குடுங்க."

பெரியவர் சந்தோஷமாகப் பாட்டிலைக் கொடுத்தார். கையில் வாங்கியதும் அண்ணனின் தோள் இரண்டும் இறங்கின. கனத்திருக்க வேண்டும். மூடியை இறுக்கித் தரையில் வைத்தார். தெறித்திருக்கும் என்று பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் பம்புசெட் தண்ணீரில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் விடவேயில்லை. அங்கேதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சுண்ணாம்பில் ஆசிட் பட்டால் அப்படித்தான் நுரைக்கும் என்றார்.

பெரியவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். "காட்டுக்கு வந்ததும் ஒரே தாகமுங்க. எடுத்த எடுப்புல குடிக்கத்தான் நெனச்சேன். சாமிக்குக் குடுக்காம குடிக்கக்கூடாதுன்னு ஊத்துனேன்" என்றார். பிறகு, "நீங்க சுண்ணாம்புங்கறீங்க. இருக்கட்டும். அவந்தான் குடிச்சுக் காட்டுனான்" என்றார்.  எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

அண்ணன் கேன் தண்ணீரை ஊற்றி, சோடா உப்பைத் தூவி, வேடியப்பனை நுரை அடங்கும்வரை கழுவினார். சுண்ணாம்பு போன இடங்களில் பழைய வீரன் ஒருவனின் வில்லும் கையும் தெரிந்தன. மறுவாரம் பெரியவர் அன்றைக்குக் கட்டியிருந்த வேட்டி என் கடைக்கு வந்தது. துவைத்ததும் கடுகு கடுகாக ஓட்டை விழுந்துவிட்டதாம். ஒட்டுப்போட வேண்டாம், ஓரம் மட்டும் அடித்துக் கொடுங்கள், சாமி ரூமில் வைக்க வேண்டும் என்றார்.

கிளம்புமுன் அண்ணன் அந்த வீட்டில் எல்லாரையும் வாசலில் நிற்கச் சொன்னார். தூளியில் கிடந்த குழந்தையைக்கூடத் தூக்கிவரச் சொன்னார். விரலை நீட்டி, ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணினார். பதினொன்று. மருமகளிடம், "பதினொண்ணுதானுங்களே?" என்று கேட்டுக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை எண்ணினார்.

திரும்பும்போது வேனில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் கேட்காமல் இருந்து தெரிந்துகொண்ட ஒரே விஷயம் அதுதான்.

"கடை போட்ட புதுசுங்க" என்று அவராகவே ஆரம்பித்தார். "ஒரு டிராக்டர்காரர் ஆசிட் வேணும்னு வந்தாரு. கேன் கொண்டாரல. சேலம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுத்துனாரு. தெருவுல கெடந்த தண்ணி பாட்டிலை எடுத்துக் கழுவி, நான்தான் ஊத்திக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சுச் சிரிச்சுக்கிட்டே வந்து, 'அதை பஸ்லயே வுட்டுட்டு எறங்கிட்டேங்க, இன்னொரு பாட்டில் குடுங்க'ன்னாரு."

என் வீட்டுக்காரர் வேனின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்த பஸ்ஸைத் தேடிப் புடிச்சேன். கண்டக்டருக்குத் தெரியல. பஸ் கழுவறவங்களுக்குத் தெரியல. சேலத்துல, தருமபுரியில ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் வெசாரிச்சேன். ஒருத்தரும் அப்படி வரலன்னாங்க. சீட்டுல ஒரு பாட்டில் தண்ணி கெடந்தா யாரு எடுப்பாங்க சொல்லுங்க. தாகம் எடுத்தவங்கதான எடுப்பாங்க."

"யாராச்சும் கீழ கொட்டியிருப்பாங்கண்ணா" என்றேன்.

"கொட்டியிருக்கலாங்க" என்றார். "தெரியலீங்களே."

கடைக்கு வந்ததும் அந்த ஆசிட்டைத் தன்னுடைய தடித்த கேனில் ஊற்றி மூடினார். பாட்டிலைக் கழுவி, ஊசியை எடுத்தார். அன்றைக்கு நாலு குத்தோடு நிறுத்தவில்லை.

இப்போது அவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு ஓசூர் போய்விட்டார். அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைதான் ஞாபகம் வரும். முந்தின நாள் ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்டு வந்த மனுஷன், இனி நிம்மதியாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினார், வெளியே நின்று டீ குடித்தார், பேப்பரில் உள்பக்கத்தைப் பிரித்து விரல் வைத்துப் படித்தார். பிறகு என் கடைக்குள் வந்து மேஜையிலிருந்த காலிப் பாட்டிலை எடுத்தார்.

"இன்னுமாண்ணா? அதான் நேத்து பாட்டில் கெடச்சுடுச்சே" என்றேன்.

"நேத்து கெடச்சது உங்க பாட்டிலுங்க, டெய்லரம்மா" என்று சொல்லிக்கொண்டே ஊசியை இறக்கினார். "என்னுது இன்னும் கெடைக்கல."